நயினார் லாரியின் விட்டுப்போன செலவு

சக்கரவர்த்தி நயினாரைப் போல ஒரு கணக்குக்காரரை நான் பார்த்ததில்லை. நானே கணக்குக்காரன்தான், திருவண்ணாமலையில் அவலூர்பேட்டை சாலை அரிசி மில் ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதினேன். அதனால் இதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

1989இல் அவர் ஒரு பழைய லாரியைக் கடனில் வாங்கிக்கொண்டு எங்கள் மில்லுக்கு வந்தார். பெங்களூருக்கு அரிசி ஏற்றிப்போக வாடகை பேச வேண்டும். மற்ற லாரிக்காரர்கள் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிட்டு, முதலாளியின் முகத்தைப் பார்த்துக் குறைப்பார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் மேஜையில் விரித்தார். ஒரு டிரிப்புக்கு ஆகும் செலவு, பத்தொன்பது இனங்கள். டீசல், ஆயில், கடன் தவணை, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் இருந்தன. பெங்களூர் போய்வரும் நானூறு கிலோமீட்டருக்கு டயர் எவ்வளவு தேயும் என்பதைக்கூடப் பைசாவில் போட்டிருந்தார். கடைசியில் லாபம். அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

"லாபத்தப் போயி யாராவது காட்டுவாங்களா நயினார்?" என்று கேட்டேன்.

"காட்டலன்னா அப்புறம் என்னாத்துக்கு கணக்கு, அருணகிரி?" என்றார்.

முதலாளி அன்றே ஒப்புக்கொண்டார். பிற்பாடு கிரிவலக் கூட்டம் பெருகி, பௌர்ணமியன்று லாரிகளை ஊருக்குள் விடாமல் நிறுத்த ஆரம்பித்தபோது, அந்த ஒரு நாள் நஷ்டத்தையும் மற்ற டிரிப்புகளுக்குப் பங்கு போட்டுத் தாளில் சேர்த்தார். அண்ணாமலையாரையே செலவில் எழுதிவிட்டீர்கள் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கணக்கில் அவருக்கு விளையாட்டுப் பிடிக்காது.

முதல் ஐந்து வருடம் அவரேதான் வண்டி ஓட்டினார். ஜைனர், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதே, மனைவி ஜெயந்திமாலா கொடுத்தனுப்பிய கேரியரைத் திறந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் கை கழுவிவிடுவார். ராத்திரி முழுக்க ஓட்டிப் போய், பெங்களூரில் விடிந்தபின்தான் அடுத்த சாப்பாடு. அதனால் தாளில் டிரைவர் பேட்டா என்ற இடத்தில் "சாப்பாடு இரண்டு வேளை" என்று இருந்தது. அவர் வரையில் அது சரியான கணக்கு.

1994இல் அவருக்கு இடுப்பு போயிற்று. இனி ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அடி அண்ணாமலை கிராமத்து முருகையனை டிரைவராக வைத்தார். முருகையன் தங்கமான ஆள். குடிக்கமாட்டான், டீசல் திருடமாட்டான். நயினாரும் அவனை நன்றாகத்தான் வைத்திருந்தார். தீபாவளிக்குக் குடும்பத்துக்கே துணி எடுத்துக் கொடுப்பார். அவன் மகளின் பள்ளிக்கூடச் செலவும் அவருடையதுதான். பேட்டா மட்டும் தாளில் இருந்தபடி.

முருகையனும் ஐந்து மணிக்கு அதே வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார ஆரம்பித்தான். நயினாரைப் போலவே டிரைவரும் வாய்த்துவிட்டான் என்று மில்லில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. வருடா வருடம் ஏப்ரலில் நயினார் புதுத் தாள் கொண்டுவருவார். கூட்டல் சரியா என்று பார்ப்பது என் வேலை. குறைந்த வாடகைக்கு ஓட்ட ஆட்கள் வாசலிலேயே காத்திருந்ததால், முதலாளி ஒவ்வொரு இனமாகப் பிடித்து இழுப்பார். நயினார் கடைசியில் தன் லாபத்தில்தான் குறைத்துக்கொள்வார். மில் கைவிட்டால் லாரி நின்றுவிடும், லாரி நின்றால் இரண்டு குடும்பம் நின்றுவிடும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது குடும்பம் முருகையனுடையது.

2002 மார்ச் மாதம் ஒரு மத்தியானம், அடுத்த லோடுக்காக வீட்டிலிருந்து வந்து, மில்லுக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கிய முருகையன் ரத்த வாந்தி எடுத்தான். நயினார் வாடகைக் கார் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். குடலில் புண் முற்றிப்போயிருந்தது.

டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று வரிசையாகக் கேட்டார். காலையில் என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?

"ராத்திரி சாப்பிடறதில்லீங்க. எட்டு வருசமா டீதான். நாலு டீ, அஞ்சு டீ."

"ஏன்?"

முருகையன் அந்த வலியிலும் நயினாரைப் பார்த்துச் சிரித்தான். "எங்க வண்டி நயினார் வண்டிங்க. பொழுது போனா அதுல யாரும் சாப்பிடக் கூடாது."

நயினார் கட்டிலை நெருங்கி வந்தார். "நான் எப்பப்பா அப்படி சொன்னேன்?"

"சொல்லணுங்களா ஐயா? ரெண்டு வேளைக்குத்தானே பேட்டா குடுத்தீங்க. நானே புரிஞ்சிக்கிட்டேன்."

காரணம் இதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை. எத்தனையோ காரணம் இருக்கலாம் என்றுதான் சொன்னார். அது நயினார் காதில் ஏறவில்லை. பத்தாம் நாள் முருகையன் இறந்துபோனான்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது உண்மை. அதைவிட என்மேல் வந்தது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மூக்கு முட்டச் சாப்பிடுகிறவன் நான். எட்டு ஏப்ரல் அந்தத் தாளைப் பார்த்துக் கூட்டல் சரி என்று டிக் அடித்தேனே தவிர, ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்கு ஏன் இரண்டு வேளை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஏப்ரலில் அவர் கொண்டுவந்த தாளில் இருபது இனங்கள் இருந்தன. வரப்போகும் புது டிரைவருக்காக, "இரவுச் சாப்பாடு, பதினைந்து ரூபாய்." முதலாளி மேலோட்டமாகப் பார்த்தார். "பதினஞ்சு ரூபாதானே, போட்டுக்குங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு போனை எடுத்தார். நயினார் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். முருகையனின் மனைவி பாஞ்சாலை பாய் விரித்து உட்காரச் சொன்னாள். நயினார் ஒரு கவரையும் தாளையும் அவள் முன்னால் வைத்தார். டிரிப் நோட்டைப் பார்த்து எண்ணியிருந்தார். எட்டு வருடத்தில் தொள்ளாயிரத்து மூன்று ராத்திரி. அந்தந்த வருடச் சாப்பாட்டு விலைப்படி ஒன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்.

"இது நான் குடுக்கற தர்மம் இல்லம்மா. அவனுக்குச் சேர வேண்டியது. நான் கணக்குல விட்டுட்டேன்."

பாஞ்சாலை தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "மொதல்ல சோறு கட்டிக் குடுத்துப் பாத்தேங்க. அப்படியே திருப்பிக் கொண்டாந்துடுவாரு. வண்டிக்கு ஆவாதுன்னுவாரு" என்றாள்.

கவரைப் பிரித்து நோட்டுகளை எண்ணினாள். அதிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் தனியாக எடுத்து நயினார் பக்கம் தள்ளினாள்.

"என்னம்மா இது?"

"கடைசி டிரிப்ப சேக்காதீங்க. அன்னிக்கி வயிறு தாங்காம, செங்கத்துல வண்டிய நிறுத்தி நாலு இட்லி சாப்பிட்டுட்டாராம். வந்து எங்கிட்ட அழுதாரு. நயினாருக்குத் துரோகம் பண்ணிட்டேன், அவருகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு."