சத்தமுள்ள வீடு தேடிய மருதப்பன்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு சரக்கு ரயில் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஒரு தனித் துணிச்சல் வேண்டும். ஏனென்றால் இங்கே சரக்கு ரயிலே கிடையாது. மலேசியாவிலிருந்து தஞ்சோங் பகார் வரை வந்துகொண்டிருந்த தடத்தைப் பெயர்த்தெடுத்தாயிற்று. அந்த வழியில் இப்போது ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மார்சிலிங்கில் குடியிருக்கும் மருதப்பனிடம் இதைச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அவர் அசரமாட்டார். எம்ஆர்டி நகர ரயிலின் தண்டவாளம் பழுதானால் அதற்கான சாமான் எதில் போகிறது, பறந்தா போகிறது என்று திருப்பிக் கேட்பார்.

நியாயமான கேள்விதான். பயணிகள் ரயிலெல்லாம் ஓய்ந்த பிறகு பணிமனையிலிருந்து ஒரு மஞ்சள் எஞ்சின் கிளம்பும். அதன் பின்னால் கூரையில்லாத தட்டைப் பெட்டிகளில் தண்டவாளங்களும் கம்பிச் சுருள்களும் போகும். மருதப்பனைப் பொறுத்தவரை அதுதான் கூட்ஸ் வண்டி. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பகலெல்லாம் கத்துகிற சரக்கை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு, வாயைத் திறக்காத சரக்கு ஒன்று வரிசையாகப் போவதைப் பார்ப்பதில் எவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் நல்ல இடம் கிடைப்பது லேசில்லை. அடுக்குமாடி கார்நிறுத்தத்தின் மேல்தளத்தில் நின்று பார்த்தார். காவலாளி கீழே அனுப்பிவிட்டார். மேம்பாலத்தில் நின்றார், ரோந்து வந்த இரண்டு இளம் போலீஸ்காரர்கள், அங்கிள் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அக்கறையாக விசாரித்தார்கள். கூட்ஸ் வண்டிக்காக என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். மனைவி ரஞ்சிதம் போய் அவரை அழைத்து வரவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் அவருக்குப் பட்டது: தன் வீட்டுச் சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்றால், ஜன்னலின் இடது மூலையில் தடம் வளைகிற இடம் முழுசாகத் தெரிகிறது. தீவிலேயே தலைசிறந்த இடம், அதுவும் காவலாளி தொல்லை இல்லாமல். இரவு பார்த்ததைக் காலையில் ரஞ்சிதத்திடம் விலாவாரியாகச் சொல்வார். இட்லி ஆறுது என்பார் ரஞ்சிதம். வருஷக்கணக்காக அந்த வீட்டில் ரயில் பற்றிய உரையாடல் இவ்வளவுதான்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, குவீன்ஸ்டவுனில் தனியாக இருக்கும் ரஞ்சிதத்தின் அக்கா சிவகாமசுந்தரி குளியலறையில் வழுக்கி விழுந்தார். அடுத்த வீட்டுக்காரர் சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து ரஞ்சிதத்துக்குத் தூக்கம் போயிற்று. அக்காவை இங்கே வரச் சொன்னால், என் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். தொலைபேசி மணி அடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மார்சிலிங் வீட்டை விற்றுவிட்டு அக்காவின் பக்கத்திலேயே போய்விடலாம் என்றார். மருதப்பனும் நல்லவர்தான், உடனே சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை: புது வீட்டிலிருந்து தண்டவாளம் தெரியவேண்டும். குவீன்ஸ்டவுனில்தான் ரயில் வீட்டு வாசலில் ஓடுகிறதே, இது ஒரு நிபந்தனையா என்று ரஞ்சிதமும் தலையாட்டிவிட்டார்.

வீடு காட்ட வந்த ஏஜெண்டு உமைர் சூட்டிகையான பையன். வீடு வாங்க வருபவர்கள் எதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்து, அதை மறைப்பதில் பழகியவன். முதல் வீட்டிலேயே மருதப்பன், ரயில் சத்தம் எப்படி என்று ஆசையாகக் கேட்டார்.

"சத்தமே இல்ல அங்கிள். ரொம்ப பீஸ்ஃபுல் லா."

மருதப்பன் முகம் வாடி வெளியே வந்துவிட்டார். அடுத்த வீட்டிலும் இதே கதை. மூன்றாவது வீட்டில் உமைர் அமைதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு நேராக ரயில் கடகடவென்று போயிற்று. வீட்டுக்காரர் சட்டென்று டிவியைப் போட்டார். அவர் மனைவி சமையலறைக்கு ஓடி மிக்ஸியை வெறுமனே சுழலவிட்டார். உமைருக்கு இருமல் வந்தது. மருதப்பனோ ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "ஆகா, இன்னும் கொஞ்சம் கிட்டத்துல வருமா?" என்று கேட்டார்.

அந்த வீடு கையைவிட்டுப் போனது அந்தக் கேள்வியால்தான். வீட்டுக்காரர் இரவெல்லாம் யோசித்திருக்கிறார். சத்தம் வேண்டுமென்று எந்த மனிதனாவது வீடு கேட்பானா? இந்த ஆளுக்கு ஏதோ ரகசியம் தெரிந்திருக்கிறது. இந்த இடத்தில் பெரிதாக என்னவோ வரப்போகிறது. மறுநாளே வீட்டை விற்பதில்லை என்று சொல்லிவிட்டார். உமைர் மருதப்பனைத் தனியே அழைத்து, அடுத்த வீட்டிலாவது தயவுசெய்து சந்தோஷப்படாமல் இருங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

அடுத்த வீடு சிவகாமசுந்தரி குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்கு நேர் எதிரே இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அக்காவின் சமையலறை ஜன்னல். காலையில் அங்கே விளக்கு எரிகிறதா என்று படுக்கையிலிருந்து எழுந்த கையோடு பார்த்துவிடலாம். ரஞ்சிதம் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தவர் விடவேயில்லை. வேறொரு குடும்பம் மாலையில் வருகிறது, அவர்கள் அநேகமாக எடுத்துவிடுவார்கள் என்றான் உமைர். இந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது உண்மை.

மருதப்பன் எல்லா ஜன்னலிலும் எட்டிப் பார்த்தார். ஒரு மழைமரம், கார்நிறுத்தம், அக்காவின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய துணிக்கழி. தண்டவாளம் இல்லை.

"தண்டவாளம் தெரியலையே, ரஞ்சிதம்," என்றார், மிகவும் வருத்தமாக.

ரஞ்சிதம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "தெரியுதுங்க. செவ்வாக்கிழம அக்கா வீட்டுல தங்கினேன்ல, தூக்கம் வராம இங்க கீழ வந்து நின்னேன். அந்த மரத்துக்கு அந்தாண்ட போச்சு. மஞ்சள் எஞ்சின். பின்னால ரெண்டு தட்டைப் பெட்டி, மேல தண்டவாளத்தச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாங்க."

 இந்த வீட்டில் உமைருக்கு வேலையில்லாமல் போயிற்று.

மரத்துக்கு அந்தாண்டை இருப்பது இன்னொரு புளோக், அதற்கும் அப்பால் பள்ளிக்கூடம். தடம் போவது எதிர்த்திசையில். இது மருதப்பனுக்குத் தன் வீட்டு வாசல் போல அத்துப்படி. கோபம் வந்தது. கட்டிய நாளிலிருந்து பொய்யே சொல்லாதவள் தன்னிடம் சொல்கிறாளே என்று. மடக்கிவிடுவதென்று கேட்டார்.

"எஞ்சின் முன்னாடி இருந்துச்சா, பின்னாடியா?"

"ரெண்டு பக்கமும்தான்," என்றார் ரஞ்சிதம், யோசிக்காமலே. "ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கு. அங்க திருப்ப ஏதுங்க இடம்? பின்னால இருக்கிறது பழசு, கொஞ்சம் கனைச்சுக்கிட்டே போகும்."

 அந்தக் கனைப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மருதப்பன் மட்டுமே கேட்டது; இட்லி ஆறிக்கொண்டிருந்த ஏதோ ஒரு காலையில் அவர் சொன்னது. கேட்டுக்கொண்டா இருந்தாள்? கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதை மறைக்க அவரும் ஜன்னலருகே போய் நின்று, மனைவியின் தோளுக்கு மேலாக, மரத்தையும் துணிக்கழியையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஆமா, தெரியுது," என்றார் கடைசியில். "தம்பி, இந்த வீடே இருக்கட்டும். அந்தக் குடும்பத்த வரவேணாம்னு சொல்லிடுங்க."

வீட்டில் இல்லாததை எல்லாம் இருப்பதாகச் சொல்லியே பிழைக்கிற உமைர், தாங்க முடியாமல் கேட்டான்: "எங்க அங்கிள்?"

மருதப்பன் ஒதுங்கி, ஜன்னலில் அவனுக்கும் இடம் விட்டார்.