ஒன்ஸ்மோர் கேட்டவன்

மெல்லிசைக் கச்சேரியில் அறிவிப்பாளர் வேலை என்பது, பாடத் தெரியாத ஒருத்தன் பாட்டுக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கூட்டத்தைச் சூடேற்றுகிற வேலை. பதினாறு வருஷமாக அதைச் செய்கிறேன். பகலில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். பங்குனி பிறந்துவிட்டால் வைகாசி முடிகிறவரை, திருவிழா நாட்களில் சாயங்காலம் கையில் மைக். நாளெல்லாம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் அதிர்வை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, நான் சொன்னதுக்கெல்லாம் எழுந்து ஆடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். நான் பட்டதையும் செத்த நேரம் கேளுங்கள்.

ஊர் மாறிப் போச்சு

முந்தின நாள் ராஜபாளையத்தில் கச்சேரி. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். மேடை ஏறினதும் பழக்க தோஷத்தில், "ராஜபாளையம் மக்களே, சத்தம் பத்தலையே" என்று கத்திவிட்டேன். கூட்டம் கப்பென்று அடங்கியது. பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னால் எந்த ஊர்தான் பொறுக்கும்? மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

அன்றைக்கு செல்வி என்கிற புதுப் பாடகிக்கு முதல் மேடை. ஒரு மாசமாக ஒரே பாட்டைப் பாடிப் பாடித் தேய்த்து வைத்திருந்தாள். பிசிறில்லாமல் பாடி முடித்துக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். ஒரு கைகூடத் தட்டவில்லை. அவள் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்ததை இன்னும் நான் மறக்கவில்லை. கச்சேரி முடிந்து இறங்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா என்னை நிறுத்திச் சொன்னார்: "அந்தப் பிள்ள நல்லாத்தான் தம்பி பாடுச்சு. உங்க மேல உள்ள கோவத்துல நாங்க கை தட்டல."

ஸ்பீக்கர் பக்கத்து ஆள்

ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஐம்பது வயசுக்காரர் ஒருத்தர், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியில் ரெண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். கூட்டம் குதிக்கிறது, அவர் அசையவில்லை. ரெண்டு பாட்டுக்கு நடுவில் பேசுவதற்கு எனக்கு விஷயம் தீர்ந்திருந்தது. "அண்ணன் வீட்டுல சண்டை போலருக்கு, ஸ்பீக்கரைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்காரு" என்று மைக்கில் எடுத்துவிட்டேன். திடலே சிரித்தது. அவர் கண்ணைத் திறந்து பார்த்து, தானும் சிரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இடைவேளையில் அவருடைய தம்பி அவரைக் கூட்டிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். காய்ச்சலில் அண்ணனுக்கு ரெண்டு காதும் போய் ஏழு வருஷம் ஆகிறதென்றும், பெட்டியில் கை வைத்தால் தாளம் மட்டும் உடம்பில் தெரியும், அதற்காகவே எந்த ஊர்க் கச்சேரிக்கும் கூட்டிப் போகச் சொல்வார் என்றும் தம்பி சொன்னார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்க, என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "என்னையப் பத்தி மைக்ல ஏதோ சொன்னீகளாம்ல. எல்லாரும் அம்புட்டு சந்தோசமாச் சிரிச்சாக. ரொம்ப நன்றி தம்பி."

பைக்குள் போன சீட்டு

பாட்டுக் கேட்டுத் துண்டுச் சீட்டு அனுப்புவீர்களே, அதைப் படிப்பதும் என் வேலைதான். ராஜபாளையத்தில் ஒரு தெருத் திருவிழாவில், மெதுவான பழைய பாட்டு ஒன்றைக் கேட்டு, "என் மனைவிக்காக" என்று எழுதி ஒரு சீட்டு வந்தது. மில் பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்த நேரம். இந்தச் சூட்டில் அந்தப் பாட்டா என்று பைக்குள் போட்டுக்கொண்டேன். ரெண்டாவது தடவையும் அதே கையெழுத்தில் சீட்டு வந்தது. அதுவும் பைக்குள் போனது.

முடிந்த பிறகு அந்தச் சீட்டை எழுதினவர் தேடி வந்தார். மனைவிக்கு ஆபரேஷன் ஆகி, மூணு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த அம்மா வாசலைத் தாண்டியிருக்கிறார். வலியைப் பொறுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டாராம். பாட்டு இல்லை என்பதற்காக அவர் சண்டை போட வரவில்லை. "பாட மாட்டோம்னு ஒரு வார்த்தை மைக்ல சொல்லியிருந்தா, அவ அம்புட்டு நேரம் வலியோட காத்திருக்க மாட்டா," என்றார்.

தளவாய்புரத்தில் ஒரு சாயங்காலம்

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் காதர் அண்ணன். ராஜபாளையம் பஜாரில் அவருக்கு ஒரு சின்னத் துணிக்கடை. நான் முதல் தடவை மேடையேறி உளறினபோது, தாளத்தைத் தட்டி என் உளறலை மூடிக் காப்பாற்றினவர் அவர்தான்.

போன வருஷம் சித்திரையில் தளவாய்புரம் கச்சேரி. மேடைக்குத் தகரக் கூரை. பொழுது இறங்கியும் தகரம் அனலைக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வேகமான பாட்டு ஒன்று முடிந்தபோது, காதர் அண்ணன் குச்சியை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக் காட்டினார். அடுத்து மெதுவான பாட்டு வை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், பார்த்தேன். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது, அதை ஆறவிட எனக்கு மனசில்லை. "ஒன்ஸ்மோரா?" என்று கேட்டேன். திடல் முழுக்க "ஒன்ஸ்மோர்" என்றது. அவர் வாசித்தார். ரெண்டாவது சரணத்தில் தாளம் தளர்ந்தது. திரும்பினால், டிரம்ஸ் மேலேயே சாய்ந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் பாதிதான் திரும்ப வந்தது.

நாலு மாசம் கழித்துத்தான் கடைக்குப் போய் அவரைப் பார்க்கத் தைரியம் வந்தது. வலது கையால் துணியை மடித்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார், என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். நான்தான் தாங்காமல் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு ஜனங்கள் அப்படிக் கேட்டார்கள், நாம் என்ன செய்ய முடியும் அண்ணே என்றேன். அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை: "சனங்க எங்க தம்பி கேட்டாக? நீ கேட்ட பொறவுதான அவிய கேட்டாக."

இப்போதெல்லாம் நான் ஒன்ஸ்மோர் கேட்பதற்கு முன்னால் திரும்பி வாசிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், அதனால் எங்கள் கச்சேரியில் முன்னைப்போல் சூடு இல்லையென்று ஊர் ஊராகப் பேச்சு.