துருப்பிடித்த அச்சு

என் வீட்டுக்காரரைப் பிளேக் கொண்டுபோன வருஷம், அவருடைய அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, என்னையும் என் மகளையும் வீட்டை விட்டு வெளியே அனுப்பினாள். பித்தளை அண்டா, தேக்குப் பெட்டி, என் தாய்வீட்டு அம்மி எல்லாம் அவளிடமே நின்றுவிட்டன. விறகுக் குவியலில் துருப்பிடித்துக் கிடந்த அச்சுமுறுக்கு அச்சு ஒன்றை மட்டும் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"இந்தா, இதையும் தூக்கிக்கிட்டுப் போ. பசி வந்தா தானா திரும்பி வருவே. நம்ம வீட்ல அரிசி இடிக்க ஆள் வேணும்."

அவள் வாசலில் உலக்கை பிடிப்பதைவிடச் சாவது மேல் என்று எண்ணிக்கொண்டு அந்த இரும்பை முந்தானையில் முடிந்துகொண்டேன். பட்டணத்து ஓரத்தில், நீலசந்திராவில் ஓர் ஓட்டு அறை கிடைத்தது. தண்டில், பட்டாளத்துக்காரர் வீடுகளில், சலவைக்குத் துணி வாங்கித் துவைத்தேன். மழை பிடித்துக்கொண்டபின் அதுவும் நின்றுபோயிற்று. மகள் வெறும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். திரும்பிப் போகவேண்டியதுதானோ என்று அன்றைக்குத்தான் முதலில் பயந்தேன்.

வீட்டில் இருந்ததெல்லாம் அந்த அச்சும், தலைக்குத் தடவுகிற தேங்காயெண்ணெய் கொஞ்சமும். ஓட்டுச் சில்லால் துருவைச் சுரண்டினேன். எண்ணெயைப் பூசித் தணலில் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடியும் பூசினேன். அச்சு யானைத் தோல்போலக் கறுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, இதுதான் என்கிட்ட இருக்கு. வேற கேக்கல. இதை வச்சே என்னை நிறுத்தும். இதை வச்சே அவளை என் வாசலுக்குக் கொண்டுவாரும்." கோயிலில் பாதிரி ஐயர் மன்னிக்கச் சொல்லுவார். அவருடைய அம்மியை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

கிறிஸ்துமஸ் கிட்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரி அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, எண்ணெய் எல்லாம் கொண்டுவந்து வைத்து, சுட்டுத் தரும்படி கேட்டாள். காய்ந்த அச்சை மாவில் விளிம்பு மூழ்காமல் தோய்த்து எண்ணெயில் பிடித்து ஒரு தட்டுத் தட்டினேன். பூப்பூவாகக் கழன்று விழுந்தது. கூலியாக ஒரு பங்கு முறுக்கு வைத்துவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. வருஷங்கள் போகப்போகத் தண்டுக் கோயிலைச் சுற்றிய கல்யாண வீடுகளெல்லாம் என் அடுப்பைத் தேடி வந்தன. என் மகள் பள்ளிக்கூடம் போனாள். நான் எங்கும் திரும்பிப் போகவில்லை.

ஓரகத்தி மகளுக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தாம்பாளம் நிறைய அச்சுமுறுக்கு போகவேண்டும். என்னைக் கூப்பிட அவளுக்கு மனமில்லை. பஜாரில் புது அச்சு வாங்கி, பித்தளைச் செம்பைத் துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுப் பளபளக்கத் தேய்த்திருக்கிறாள். எண்ணெய் ஏறாத இரும்போடு மாவு ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டியிருக்கிறாள். மாவெல்லாம் பாழ்.

மறுநாள் காலையில் ஜட்காவில் வந்து இறங்கினாள், பட்டுச்சேலையோடு. அண்டை வீட்டுப் பெண்கள் என் முற்றத்தில் வேறொரு கல்யாண வீட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் அச்சைக் குடுடீ. சாயங்காலம் அனுப்பிடறேன்."

"அச்சு இந்த வாசல் தாண்டாது அக்கா. இங்கேயே சுட்டுத் தரேன்."

"சரி, சுடு. மாவு?"

"ஊறவச்ச அரிசி உரல்ல இருக்கு. இடிக்க ஆள் இல்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிறுத்துப்போயிற்று. அந்தப் பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இடித்துக் கொடுக்கலாமா என்று கண்ணால் கேட்ட ஒருத்தியையும் நான்தான் வேண்டாமென்று தலையசைத்துத் தடுத்தேன். ஓரகத்தி பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு உலக்கையை எடுத்தாள்.

நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அச்சைக் காயவைத்தேன். அவசரப்படவில்லை. அவள் வளையல் ஒவ்வொரு இடிக்கும் சத்தம் போட்டது. அதைக் கேட்டுக்கொண்டே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

வியர்வை வழிய நின்று கேட்டாள்: "போதுமா?"

மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் நைசா வரட்டும் அக்கா."