வலக்கையிலிருந்து வலக்கைக்கு

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஜெயித்ததால்தான் உடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. படித்து முடித்ததும், பெருமாநல்லூர்ப் பக்கம் நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தேன். சேதியை அப்பாவிடம் சொன்னேன். அவர் சலவைப் பட்டறையில் பனியன் துணி வெளுக்கிறவர்.

"ஓடறதச் சொல்லிக் குடுக்கறதுக்குச் சம்பளமா கண்ணு? நாய் தொரத்துனா எல்லாப் பசங்களுந்தான் ஓடுவானுங்க."

பள்ளி மைதானம் எங்கள் நிர்வாகக் குழுத் தலைவருக்குச் சொந்தமான நிலம். அந்த வருஷங்களில் திருப்பூரைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. வெளுத்த துணியைக் காயப்போட இடம் போதவில்லை. அப்பாவின் முதலாளி எங்கள் மைதானத்தைக் கேட்டுத் தலைவரிடம் வந்து போனார். தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க மாஸ்டர், பசங்க அங்க என்னதான் பண்றாங்க? நான் பாக்கறப்பெல்லாம் மண்ணக் கெளப்பிட்டுத்தான் ஓடறாங்க. துணி காஞ்சா நாலு பேருக்குப் பொழப்பாவுது. இவிய ஓடுனா என்ன ஆவுது?"

"ஜெயிப்பாங்கங்க."

"இது வரைக்கும் ஜெயிச்சாங்களா?"

"இனிமேத்தானுங்க" என்றேன். அவர் கோபக்காரர் அல்லர். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாராபுரத்துல போட்டி வருதில்லீங்க? அதுல ஒண்ணாச்சும் ஜெயிச்சுட்டு வாங்க. இல்லைன்னா மைதானத்த உட்டுருங்க."

வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். "அப்ப உன்ற மைதானத்துல நாந்தான் துணி காயப்போடோணுமா? பரவால்ல, வெயில் நல்லா அடிக்கற எடம்."

தனியாக ஓடி ஜெயிக்கக்கூடிய பையன் எங்களிடம் ஒருவனும் இல்லை. கோயமுத்தூர்ப் பள்ளிகளில் ஆணி பதித்த ஓட்டச் செருப்புப் போட்ட புலிகள் இருந்தார்கள். ஆனால் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் நான்கு பேர் எங்களிடம் இருந்தார்கள். அதனால் தொடர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் கால் பாதி, கை பாதி. ஒருவனிடமிருந்து அடுத்தவனுக்குப் போகும் கட்டையை நழுவவிடாமல், வேகம் குறையாமல் கை மாற்றினால் புலிகளையும் முந்தலாம்.

முதல் நாள் பயிற்சியில் நடந்ததை இன்றும் என் கண்ணால் பார்க்க முடிகிறது. முதலாவது பையன் பாய்ந்து வந்தான். இரண்டாமவன் நின்றான், திரும்பினான், கட்டையை இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் ஓடினான்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆயுத பூஜையன்று பந்துகளோடும் கயிற்றோடும் அந்தக் கட்டையையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டவன் நான்தான்.

"நிக்கக் கூடாது. திரும்பியும் பாக்கக் கூடாது. ஓடிக்கிட்டே எடது கையப் பின்னால நீட்டு. அவன் வந்து வெப்பான்" என்றேன்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பீச்சாங்கையிலீங்களா சார்?"

"ஆமா."

"சந்தனம் வெச்ச கட்டைங்க சார்."

கடைசியாக ஓடவேண்டியவன் நெசவுக்காரர் வீட்டு நெட்டைப் பையன். தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் காவடி எடுக்கும் வீடு. "எங்கூட்டுல பீச்சாங்கையில தண்ணிச் சொம்பு வாங்குனாலே அம்மா மண்டையில கொட்டுவாங்கங்க சார்" என்றான் அவன். அவனுக்குக் கட்டையைக் கொடுக்கவேண்டிய மூன்றாமவன் கொஞ்சம் பூசின உடம்புக்காரன், வாய்க்காரன். இருவரும் சொந்தம்.

"இவன் எனக்கு மாப்பிள்ள மொறைங்க சார். மூஞ்சியக்கூடப் பாக்காம எங்கிட்டப் பீச்சாங்கைய நீட்டுனான்னா எந்தங்கச்சியக் குடுக்கமாட்டனுங்க."

"உந்தங்கச்சிய ஆருடா கேட்டா?" என்றான் நெட்டை. சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது.

என் சொல்லை அவர்கள் தட்டவில்லை. உடம்புதான் கேட்கவில்லை. இடது கை நீளும், கட்டை வரும் நேரத்தில் தானாகச் சுருங்கிக்கொள்ளும், கழுத்து தானாகத் திரும்பும். கட்டை மண்ணில் விழும். விழுந்ததை எடுத்துத் தொட்டுக் கும்பிடுவார்கள். நிஜப் போட்டியாக இருந்தால் அதற்குள் பரிசே கொடுத்து முடித்திருப்பார்கள். ஒருநாள் பொறுமை இழந்து, புஸ்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சத்தம் போட்டேன்.

நெட்டைப் பையன் மரியாதையாகக் கேட்டான்: "புஸ்தகம் எழுதுனவிய ஊட்டுல பீச்சாங்கையிலதான் சோறு வாங்குவாங்களாங்க சார்?"

அன்று சாயங்காலம் விதிமுறைகளை மறுபடி படித்தேன். கட்டையை எந்த எல்லைக்குள் கை மாற்றவேண்டும் என்று இருந்தது. எந்தக் கையால் என்று எங்கேயும் இல்லை. பிறந்ததிலிருந்து பழகிய மரியாதையை ஒரு மாதத்தில் அழிக்கப் பார்த்ததற்குப் பதிலாக, அதை வைத்துக்கொண்டே ஓடமுடியுமா என்றுதான் நான் யோசித்திருக்கவேண்டும்.

மறுநாள், வலக்கையால் கொடு, வலக்கையால் வாங்கு என்றேன். நான்கு முகமும் மலர்ந்தன. ஆனால் அதில் வேறொரு சங்கடம் இருந்தது. வலக்கைக்கு வலக்கை என்றால், கொடுப்பவன் வாங்குபவனுக்கு நேர் பின்னால் வரவேண்டும். முதல் தடவையே பூசின உடம்புக்காரன் நெட்டையின் குதிகாலை மிதித்துத் தோலை உரித்துவிட்டான்.

"பொண்ணும் குடுக்க மாட்ட, காலையும் ஒடைக்கறயா?" என்று நெட்டை நொண்டினான்.

காலில் மிதிபடாமல் இருக்க ஒரே வழிதான். இரண்டு கையும் முழுக்க நீண்டிருக்கும் தூரத்திலேயே கட்டை மாறவேண்டும். அந்தத் தூரத்தைத் திரும்பிப் பார்க்காமல் எப்படி அறிவது? இதற்கு எங்கள் ஊரிலேயே மருந்து கிடந்தது. கட்டிங் மேசைக்கு அடியில் குவியும் பனியன் வேஸ்ட் துணி. நீளமாக ஒரு துண்டைக் கிழித்து, ஒரு முனையை வாங்குபவன் இடுப்பிலும் மறுமுனையைக் கொடுப்பவன் இடுப்பிலும் கட்டினேன். பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். துணி தொய்ந்தால் மிக நெருங்கிவிட்டான். இழுத்துப் பிடித்தால் எட்டமாட்டான். லேசாக இழுபடும்போது கையை நீட்டினால் கட்டை உள்ளங்கையில் வந்து உட்காரும்.

இருவர் இருவராகத் துணியில் கட்டுண்டு ஓடும் கோலத்தைப் பார்க்க, பட்டறைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். "மாஸ்டர் மாட்டுக்குத் தும்பு போட்டுப் பழக்கறாருங்க" என்று ஒருவர் சொன்னார். நாளாக ஆக நெட்டைப் பையன், "இப்ப வந்துட்டான்" என்று முன்னால் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தான். சரியாகவே இருக்கும். அப்புறம் துணியை அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்த பிறகும் இடைவெளி மாறவில்லை.

தாராபுரத்தில் ஆறு பள்ளிகள் நின்றன. எங்கள் பையன்கள் வெறுங்காலோடு நின்றார்கள். நான் அந்த மைதானத்தில் முன்பு ஓடியிருக்கிறேன். இந்தத் தடவை கோட்டுக்கு வெளியே நின்றேன்.

முதல் பையன் நான்காவதாக வந்தான். கை மாறும் இடத்தில் மற்றவர்கள் சற்று வேகம் குறைத்தார்கள், எங்களவர்கள் குறைக்கவில்லை. கட்டை மாறியபோது மூன்றாவது இடம். அடுத்த மாற்றத்தில் இரண்டாவது. இரண்டு கை நீளமும் ஓடாமலே எங்களுக்குக் கிடைத்த தூரம். பூசின உடம்புக்காரன் வளைவில் மூச்சிரைக்க வந்தான். கோயமுத்தூர்ப் பையன் அவனுக்கு முன்னால் இருந்தான். நெட்டை திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடி வலக்கையைப் பின்னால் நீட்டினான்.

"இந்தாங்க மாப்ள" என்றான் வாய்க்காரன். அந்த மூச்சிலும் ‘ங்க’ போட்டுத்தான் கொடுத்தான்.

நெட்டை அந்தக் கட்டையோடு போன வேகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கோட்டுக்கு முன்னால் கோயமுத்தூர்ப் பையனை எட்டினான், கோட்டில் நெஞ்சு கொடுத்து முந்தினான். நான் என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. மறுநாள் தொண்டை கட்டியிருந்தது.

தலைவர் வந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், அந்தப் பையன் திரும்பியே பாக்கலீங்களே. எப்பிடித் தெரிஞ்சுது?"

துணி கட்டிய கதையைச் சொன்னேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"பட்டறைக்காரர ஆத்தங்கரையில வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறன். மைதானம் பசங்களுக்கே இருக்கட்டும். ஆனா ஒண்ணுங்க. அடுத்த வருசம் தோத்தீங்கன்னா அங்க துணி காயும்."

அடுத்த வருஷமும் துணி காயவில்லை. அதற்கடுத்த வருஷம் தொடர் ஓட்டத்தோடு நீளம் தாண்டுதலிலும் ஜெயித்தோம். கம்பெனிக்குப் போய்விட்ட இரண்டு பையன்கள் மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஓட்டத்தில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள்.

நஷ்டம் அப்பாவுக்குத்தான். ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நொய்யல் கரைவரை போகவேண்டியதாயிற்று. இதைப் பட்டறையில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்புவாராம். "எம் பையன் ஜெயிச்சு எனக்கு வெச்சான் பாருங்க வேலை" என்று ஆரம்பித்து, போட்டியை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்த பிறகுதான் மூட்டையைத் தூக்குவாராம்.