மெர்தாவுக்குச் சம்மதமில்லை

1. சனிக்கிழமை மதியம், லைப்சிக் நகரத்து என் அறையில் உட்கார்ந்தபடி, வீடியோ கேமில் ஒரு தேவி கோயிலுக்குள் நுழைந்தேன்.
2. சிலைக்கு முன்னால் இருந்த மாதுளையை எடுத்துத் தின்றேன். ஸ்ரீரங்கத்துக்காரியான எனக்கு அது பிரசாதம்.
3. "திருடி! அது அவளுடைய பழம்!" என்று கத்தினாள் கேமில் என்னோடு வரும் துணையாள் மெர்தா. என் மேல் அவளுக்கிருந்த மதிப்பு, கழித்தல் ஏழிலிருந்து கழித்தல் பன்னிரண்டுக்கு இறங்கியது.
4. எனக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

கேமில் நான் மந்திரக்காரி. மெர்தா மந்திரத்தையே பாவம் என்று நினைக்கும் கோயில் காவலாளி. நான் பூட்டைத் திறந்தால் முறைப்பாள், பொய் சொன்னால் பெருமூச்சு விடுவாள். ஆனால் அம்பு பாய்ந்து வரும்போது முதலில் குறுக்கே வருவது அவள் கேடயம்தான். நான் எது செய்தாலும் தலையாட்டும் மற்ற மூன்று துணையாட்களையும் முகாமிலேயே விட்டுவிட்டேன். அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பும் ஆட்கள் எனக்குப் போதும்.

உடன் வேலை பார்க்கும் யோனாஸுக்கு இது புரியவில்லை. "ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றிவிடலாமே?" என்றான். "அப்பாவை மாற்ற முடியுமா?" என்றேன். "உன் அப்பாவும் விளையாடுகிறாரா?" என்று ஆர்வமாகக் கேட்டான்.

அம்மா பிறந்த வீட்டில் பெரியவர்களை நான்கு முறை விழுந்து சேவிப்பார்கள். அப்பா வீட்டில் ஒரே முறை. எது சரி என்று காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் போகும்போதுகூட இருவரும் சண்டை போடுவார்கள். நடுவில் நசுங்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன். தில்லை நகர் வந்து சேரும்வரை வாதம் முடியாது. அப்பாவின் தோளைப் பிடித்த அம்மாவின் கையும் தளராது.

இதெல்லாம் தெரிந்தும், ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப்போவதை மூன்று வாரமாக அவர்களிடம் சொல்லாமலிருந்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முதலில் மாதுளைக் கதையைச் சொன்னேன்.

"சேவிக்காம எடுத்திருப்பே. அவளுக்குக் கோவம் வராம என்ன செய்யும்? நாலு தரம் சேவிடீ," என்றாள் அம்மா.

"ஒண்ணு போதும்," என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக விண்ணப்பத்தையும் சொல்லிவிட்டேன். செய்தித்தாள் இறங்கியது.

"எனக்குத் துளிகூடச் சம்மதமில்லை."

அழைப்பைத் துண்டிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அங்கே ஆபீஸ்ல பிறப்புச் சான்றிதழ் கேப்பாளே? உங்கிட்ட இருக்கறது பழசு. கார்ப்பரேஷன்ல புதுசு வாங்கணும். நாளைக்குப் போறேன்."

"சம்மதமில்லேன்னேளேப்பா?"

"சம்மதமில்லேன்னுதானே சொன்னேன்? கூட வரமாட்டேன்னு சொன்னேனா?"

"பாரேன், மெர்தா பேசறா!" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

படிவத்தில் பிறந்த ஊருக்கு விட்டிருந்த கட்டங்களில் திருச்சிராப்பள்ளி அடங்கவில்லை. கடைசி எழுத்துகளைக் கட்டத்துக்கு வெளியே எழுதியிருக்கிறேன். இப்போதைய நிலை இது: சான்றிதழ் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை. மெர்தா கழித்தல் பதினேழில் இருக்கிறாள். எனக்கு முன்னால் கேடயத்தோடு நடக்கிறாள்.