சுண்ணாம்பில் ஓடும் கப்பல்

வெள்ளையடிக்கத் தண்ணீர் ஊற்றிய சுண்ணாம்பு இன்று கொதித்தபோது எழுந்த வாடை, கொல்லிமலையில் இப்போது தூர்ந்துபோன எங்கள் குடிதண்ணீர்ச் சுனைக்கே என்னை இழுத்துப் போனது. சின்ன வயதில் ஒருநாள், யுத்தத்தில் நீருக்கடியில் கப்பல் ஓடுகிறதென்று பேளுக்குறிச்சிச் சந்தையில் கேட்டதிலிருந்து, நானும் மாமன் மகள் வள்ளியும் மூங்கில் குழாயில் அப்படி ஒன்று செய்து, கல் கட்டிச் சுனையில் அமிழ்த்தி, அதை எது தள்ளும் என்று நிலைகொள்ளாமல் அலைந்தோம். விடிந்தால் அவள் குடும்பம் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையிறங்குகிறது. அதற்குள் அது ஓட வேண்டும். பின்னால் ஒரு தவளையைக் கட்டினாள். அது கயிற்றை உருவிக்கொண்டு கரையேறியது.

"தவளைக்குக்கூட ஊட்டுக்குப் போற அவசரம். நீ ஒரு வழி சொல்லு கண்ணு," என்றாள்.

சுண்ணாம்புக் கல்லை அடைத்தால் கொதித்துத் தள்ளும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. குடிக்கிற சுனையில் சுண்ணாம்பா என்று சிரிப்பாளோ எனக் கூசி, சொல்லாமலே இருந்துவிட்டேன். கப்பல் ஓடாமலே, விடிந்ததும் அவள் மலையிறங்கிப் போனாள்.

இன்று ஒரு குழாயில் அடைத்துத் தொட்டியில் விட்டேன். குமிழிவிட்டு அது ஒரு முழம் நகர்ந்ததும், "வள்ளி, போகுது பாரு," என்று வாய்விட்டுச் சொன்னேன்.