டகோட்டாவும் தைக்காத சட்டையும்

நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

மன்றத்தின் ஆண்டுவிழாவில் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, "சுதந்திர ஊர்வலத்துக்கு நான் ஒரு காகித விமானத்துக்கு ஏற்பாடு செய்தேன். செய்த பெண் பயந்துபோய் அதை எரித்துவிட்டாள்" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் நான்தான். பயந்தேன், உண்மை. எதற்குப் பயந்தேன் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பத்து பிரண்டாம் என்ற இடத்தில் இருந்த விமானத் திடலில் புல் வெட்டினார். அம்மா பின் சந்தில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளி வீட்டுக்குத் துணி துவைத்தாள். நான் ரவிக்கை தைத்தேன். ரவிக்கை மட்டும்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மன்றத்துச் செயலாளர் நீங்கள். வீடு தேடி வந்தீர்கள்.

"தங்கச்சி, ஊர்வல லாரி மேல ஒரு டகோட்டா நிக்கணும். வயித்துல கதவு தொறந்து பூ கொட்டணும். செய்வியா?"

"ரவிக்கை தைக்கிறவள ஏரோப்ளேன் செய்யச் சொல்றீங்களேண்ணே."

"ரெண்டுக்கும் வெட்டுதான முக்கியம்!"

எனக்கும் ஆசை வந்துவிட்டது. டகோட்டா சண்டைக் காலத்து விமானம். எங்கள் கூரைக்கு மேலேதான் போகும். அப்பா அதைப் பக்கத்தில் பார்த்தவர். பின்சக்கரம் சின்னது, அதனால் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சாமான் ஏற்றும் கதவு இடப்பக்கம் பின்னால் இருக்கும் என்று சாப்பிடும்போது சொல்வார். நான் காலண்டர் தாளின் பின்புறம் வரைந்துகொள்வேன். மூங்கிலைச் சீவி எலும்பு கட்டினேன். தட்டைக் காகிதத்தில் உருண்டை மூக்கு வராது. ரவிக்கையில் மார்புக்கு மடிப்பு வைக்கிற மாதிரி மூக்குக்கு மடிப்பு வைத்தேன், வந்தது. விமானத் தகட்டின் ஆணித் தலைகளை ஊசி முனையால் பின்பக்கமிருந்து குத்தி எழுப்பினேன். எஞ்சினுக்குள் உருளைகள் கூட உண்டு, காகிதத்தைச் சுருட்டிச் செய்தவை.

வெளித்தோல் டிராயிங் பேப்பர். அது மட்டும் போதாது, பூவின் கனத்தில் கிழியும். உள்ளே மெல்லிய, உறுதியான தாள் ஒட்ட வேண்டும். அந்தத் தாளைக் கொண்டுவந்தது யார்? நீங்கள்.

தோட்டத்தில் கங்காணியாக இருந்த உங்கள் மாமா பொறுக்கி வைத்திருந்த கட்டு அது. விமானத்திலிருந்து காட்டுக்குள் போடுகிற சரண் சீட்டுகள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட் வெளியே வந்து அதைக் காட்டினால் சுடமாட்டார்கள். மலாய், சீனம், தமிழ் எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டு கட்டுக்கட்டாக ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கும் காட்டுக்கும் போக்குவரத்து என்று அர்த்தம்.

"இது வீட்டுல இருக்கலாமாண்ணே?"

"எழுத்து உள்பக்கம் போயிடும் தங்கச்சி. யாரு பாக்கப் போறா?"

ஒட்டினேன். பசை காய்வதற்குள் பயம் வந்துவிட்டது. மலாக்கா டவுனில் அவசரகாலக் கெடுபிடி தளர்ந்திருந்தது என்றாலும், விசாரணை இல்லாமல் பிடித்துப் போவது நிற்கவில்லை. அப்பா இந்தியாவில் பிறந்தவர். குடியுரிமை கிடையாது. பிடித்தால் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், அங்கே அவருக்கு யாரும் இல்லை. அன்றிலிருந்து வாசலில் ஒரு சைக்கிள் நின்றால்கூட என் கை அப்படியே நின்றுவிடும்.

கடைசியில் நின்றது போலீஸ் ஜீப். அப்பா மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூக்கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வந்த நீங்கள் விமானத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தீர்கள். தமிழ் பேசும் இன்ஸ்பெக்டர் ஒருவர், மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவன்.

"திடல்ல புல்லு வெட்றவன் வீட்டுல ஏரோப்ளேன் படம் வரையிறாங்கன்னு தகவல். யாரு செய்யச் சொன்னது?"

நான் உங்களைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சட்டை தைக்கக் குடுத்திருந்தேன். வாங்கிட்டுப் போக வந்தேன்."

இப்படிச் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனீர்கள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

மன்றம்தான் கேட்டது என்று கத்த வாயெடுத்தேன். கத்தினால் அடுத்து தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அப்பாவின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் விமானத்தைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். வெயில் பட்டது. இறக்கைக்குள் எழுத்து நிழல் வரிவரியாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. அவர் அப்போது எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கண்ணைத் திருப்பினால் போதும்.

பின் சந்தில் தாம்பாளம் அடிக்கும் சத்தம் கேட்டது. தவுக்கே செத்துப்போயிருந்தார்.

"அது சாவு வீட்டுக்கு, துவான்" என்றாள் அம்மா. "சீனவங்க காயிதத்துல வீடு, காரு எல்லாம் செஞ்சு எரிப்பாங்கள்ல? எங்க தவுக்கேக்கு ஏரோப்ளேன். எம் மவ செஞ்சா."

இன்ஸ்பெக்டர் அம்மாவையே பார்த்தார். "அப்படின்னா கொண்டுபோய்க் குடு. இவனும் கூட வருவான்."

நான் தூக்கிக்கொண்டேன். முன்னால் அம்மா, பின்னால் கான்ஸ்டபிள். அவன் பூட்ஸ் என் குதிகாலை இடிக்கிற மாதிரியே வந்தது. சாவு வீட்டில் யாரும் எங்களிடம் விமானம் கேட்கவில்லை. மூத்த மகன் ஒரு வார்த்தை, "இது என்ன?" என்று கேட்டால் முடிந்தது. துக்கத்துக்குச் சாக்குத் துணி போட்டிருந்த அவர் விமானத்தைப் பார்த்தார். கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

"தவுக்கே நைக் காப்பால் தெர்பாங்" என்றாள் அம்மா. தவுக்கே விமானத்தில் போகட்டும் என்று மலாயில் சொன்னாள். குரல் நடுங்கியது, அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மூத்த மகன் இரண்டு கையாலும் வாங்கிக் காகித வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் நெருப்பு வைத்தார்கள்.

முதலில் வால் பிடித்தது. வெளித்தோல் சுருண்டு உரிந்தது. உள்ளே சீட்டுகள், ஒவ்வொன்றாக, எழுத்தோடு. பாதி எரிந்த சீட்டு ஒன்று காற்றில் பறந்து கான்ஸ்டபிளின் பூட்ஸ் அருகே விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். பிறகு காலால் அதை நெருப்புக்குள் தள்ளினான். படித்தானா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவைக் கொண்டுபோகவில்லை. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து பின்கட்டுக்குப் போய் நிற்கும் பழக்கம் அவருக்குச் சாகும்வரை போகவில்லை. ஊர்வல நாளில் லாரி எங்கள் தெருவில்தான் வந்தது. விமானம் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் நின்று பூ போட்டீர்கள். நான் கதவைச் சாத்தினேன்.

இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை. நீங்கள் சிரிக்க வைத்ததால் திறக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் அதே மேடையில், அதே மைக்கில், எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அந்தச் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்தது யார்? நான் ஆம்பளைச் சட்டை ஒன்றுகூடத் தைத்தது கிடையாது. நீங்கள் வாங்க வந்த சட்டை எங்கே?